காலிப் பெட்டிக்குள் தள்ளிய நாற்காலி

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோணியார்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எங்கேயாவது உண்மை கொஞ்சம் தொலைந்திருந்தால் அதைத் தேடிக் கொடுக்க வேண்டியது அந்தோணியாரின் பொறுப்பு, சவுரிமுத்துவாகிய என்னுடையது அல்ல.

தாம்பரம் கேம்ப் ரோட்டில் பழைய ஆட்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்: "கையே வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறக்க வைத்தவர் பட்டாபிராமன்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வலது பக்கத்துக் கடைவாய்ப் பல் வலிக்கும். அந்தப் பல்லைப் பிடுங்கிப் பல வருஷம் ஆகிறது. இருந்தும் வலிக்கும். என் மனைவி புஷ்பம் இதைப் பொறாமை என்கிறாள். பொறாமை என்பது அடுத்தவனுடையதைப் பார்த்து எரிவது. நம்முடையது அடுத்தவனிடம் இருப்பதைப் பார்த்து எரிவது வேறு சாதி. அதற்குத் தமிழில் இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

கேம்ப் ரோட்டில் 'கங்கையம்மாள் சப்ளையர்ஸ்' என்று ஒரு வாடகைக் கடை. ஷாமியானா, அண்டா, கரண்டி, சீரியல் செட், மடக்கு நாற்காலி எல்லாம் வாடகைக்குப் போகும். முதலாளி கேசவன். மாடம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்ற குடும்பம். கடைக்குத் தன் அம்மா பெயரை வைத்திருந்தார். கடையில் நான் குடோன் பொறுப்பு. போகிற சாமானுக்கும் வருகிற சாமானுக்கும் பில் போடுவேன். பட்டாபிராமன் கணக்கு. இருவரும் ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், ஒரே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒரே மாதிரி வெந்துகொண்டிருந்தோம். அதுவரை எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. வேர்வையில் சமத்துவம் இருந்தது.

அந்தக் கூரையின் சூட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் நாற்காலிகள் இரும்பு. முதுகுப் பலகையில் 'கங்கையம்மாள்' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். குடோனிலிருந்து நேராக மண்டபத்துக்குப் போன நாற்காலியில் ஒரு மாப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது பட்டுச் சட்டை முதுகில் 'கங்கையம்மாள்' என்று அச்சாகியிருந்தது. பெண்ணின் பெயர் வேறு. அந்தக் கல்யாணம் நடந்து முடிவதற்குள் யார் இந்தக் கங்கையம்மாள் என்று பெண் வீட்டார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல, கேசவன் தன் தாயாரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டவேண்டியிருந்தது.

அப்பேர்ப்பட்ட கடைக்குள் ஓர் ஆடி மாதம் கம்ப்யூட்டர் வந்தது. கிண்டியில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக் கட்டிய பழைய மெஷின். விற்றவன், "இது சூடு தாங்காது, ஏ.சி. போடணும்" என்றான். மனிதர்கள் அத்தனை வருஷம் தாங்கியதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. குடோன் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏ.சி. போட்டு, மெஷினை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். கூடவே ஒரு சுழல் நாற்காலி வந்தது. கறுப்பு மெத்தை, கைப்பிடி, கீழே சக்கரம். குடோன் நிறைய நாற்காலி அடுக்கியிருக்கிற கடையில், உட்காரத் தகுந்ததாக இருந்தது அந்த ஒன்றுதான்.

ஆடியில் புதுக் காரியம் தொடங்கக்கூடாது என்று கேசவன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. மெஷின் பெட்டிக்குள்ளேயே ஏ.சி. வாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைப்பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். ஆவணி பிறந்ததும் அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இதோ பாருங்க. எனுக்கு இங்கிலீசு வராது. படம் வேணும். சேருன்னா சேரு படம், அண்டான்னா அண்டா படம். நான் வந்து படத்த அமுக்குனா கணக்கு வந்து நிக்கணும். ரெண்டு பேரும் கத்துக்கங்க. ஆளுக்கொரு பக்கமா செஞ்சு வைங்க. விஜயதசமி அன்னிக்குப் பாப்பேன். யாருது எனுக்குப் புரியுதோ அவரு இங்க உள்ள குந்திக்கட்டும். இன்னொருத்தரு குடோனப் பாத்துக்கட்டும்."

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குந்தலாமே மொதலாளி?" என்றேன்.

"ஒரு நாற்காலிதான் கீது சவுரி" என்றார் கேசவன். நாற்காலி வாடகைக் கடை முதலாளி வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

சொல்லிக்கொடுக்கக் குரோம்பேட்டையிலிருந்து ஸ்ரீநிவாசராகவன் என்று டை கட்டிய ஒருவர் வந்தார். ஒரே ஒருநாள்தான் வருவாராம். திரையைக் காட்டி விளக்கினார். ப்ரோகிராம் மேனேஜர் என்று ஒரு பெரிய பந்தல். பந்தலுக்குள் குரூப் என்று சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டிக்குள் ஐகான் என்று படங்கள். படத்தின்மேல் அம்பை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் அதற்குரிய கணக்கு திறக்கும். எனக்கு ஒரு பெட்டி, பட்டாபிக்கு ஒரு பெட்டி புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

"புது ஐகான் வேணும்னா ஃபைல், நியூ, ப்ரோகிராம் ஐட்டம். முதல் வரியில பேரு. அடுத்த வரியில எந்தக் கணக்கு திறக்கணுமோ அதோட பாதை. அப்புறம் சேஞ்ச் ஐகான். அதுல நிறையப் படம் வரும், பிடிச்சதை எடுத்துக்கோங்க."

எனக்கு உடனே புரிந்தது. பெயர் என்பது பில்லில் எழுதுகிற கல்யாண வீட்டுப் பெயர். பாதை என்பது விலாசம். விலாசத்தில் ஓர் எழுத்து தப்பினால் அஸ்தினாபுரத்துக்குப் போகவேண்டிய ஷாமியானா சிங்கப்பெருமாள் கோவிலில் போய் இறங்கும். அது நம் கடையில் நடக்காததா? ஐகானை நகர்த்துவதும் நமக்குப் பழக்கமான வேலைதான். சாம்பார் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதுபோலப் பிடித்த பிடியை விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். நடுவில் விரலை எடுத்தால் நடுவழியில் நின்றுவிடும்.

இவ்வளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே கூச்சல். பம்மல் கல்யாண பார்ட்டி சாமான் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெரிய கரண்டியைக் காணோம். நான் போய்க் கத்திவிட்டு, கரண்டி பாயசக் குண்டானுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஸ்ரீநிவாசராகவன் டீ குடித்து முடித்து டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பட்டாபி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்து போனபின் மிச்ச முறுக்கை மறைக்கிறவன் முகம் இருக்குமே, அந்த முகம்.

ஸ்ரீநிவாசராகவன் போனதும் கேட்டேன். "பட்டாபி சார், நான் போனப்புறம் வேற இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல சார். டீ நல்லாருக்குன்னார்."

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விஜயதசமிவரை காலையில் பட்டாபி, மத்தியானத்துக்குமேல் நான் என்று முறை வைத்துக்கொண்டோம். முதல் நாள் நான் மவுஸைத் தள்ளினேன், தள்ளினேன், மேஜை முடிந்து சுவர்வரை போய்விட்டேன். அம்பு இன்னும் பாதித் திரையைத் தாண்டவில்லை. மவுஸைத் தூக்கித் திரும்ப வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் மேஜையை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் படம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நிகர் கிடையாது. மெஷினில் இருந்த படங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் ஆபீஸ் சாமான். அதில் கல்யாண சாமானைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும். குப்பைத்தொட்டி மாதிரி ஒன்று இருந்தது, அதை அண்டாவுக்கு வைத்தேன். தபால் உறை ஒன்று, அது பந்தல். தட்டச்சு மெஷின் ஒன்று பின்னால் சாய்வாக இருந்தது, அது நாற்காலி. முகூர்த்த நாள் பார்க்கிற காலண்டருக்குப் பூட்டுப் படம் வைத்தேன். கல்யாணத்துக்கு அதைவிடப் பொருத்தமாக உலகத்தில் இன்னொரு படம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒருநாள் சாயங்காலம் கேசவன் உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

"இது அண்டாவா? சூப்பரு! இது இன்னா, கவரு மாதிரி கீது?"

"பந்தலு மொதலாளி. தூரத்துலேர்ந்து பாத்தா ஷாமியானா அப்டிதான் தெரியும்."

அவர் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று பார்த்தார். "ஆமாய்யா" என்றார். "நாளைக்கு மச்சானக் கூட்டிகினு வந்து காட்டறேன்."

அன்றைக்கு என் பெட்டியைத் திரையின் நடுவில் அகலமாக விரித்து, நான்கு படங்களையும் பந்தி வரிசைபோல் நேராக உட்காரவைத்து, பட்டாபியின் பெட்டியைச் சுருக்கி மூலையில் வைத்துவிட்டு, கடை மூடும் நேரத்தில் சாமிக்குக் கற்பூரம் காட்டி, வழக்கம்போல மெயினைக் கீழே இறக்கினேன். கங்கையம்மாள் சப்ளையர்ஸில் எதையும் தனித்தனியாக அணைக்கிற பழக்கமில்லை. மெயினை இறக்கினால் விளக்கு, ஃபேன், ஏ.சி., கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றாகத் தூங்கப் போகும். மெயினை இறக்குவது குடோன் பொறுப்பாளனின் உரிமை. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

மறுநாள் காலை கேசவன் மச்சானோடு வந்தார். திரையில் பட்டாபியின் பெட்டி கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடக்கிறது. என் பெட்டி வாடிய வெற்றிலைபோலச் சுருங்கி அடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

"எங்கய்யா என் அண்டா?" என்றார் கேசவன்.

"கீழ கீது மொதலாளி, தட்டுனா வரும்..."

"தட்டிகினே இருக்கணும்னா அப்புறம் இன்னாத்துக்குப் படம்?" மச்சான் முன்னால் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பட்டாபி மட்டும் பணிவாக, "இது என்னோட பக்கம் சார், அப்படியேதான் இருக்கும்" என்றார். அந்த 'அப்படியேதான்' என் நெஞ்சில் ஆணிபோல் இறங்கியது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. சாயங்காலம் நான் விரித்துவைப்பேன், காலையில் சுருண்டு கிடக்கும். பட்டாபிதான் காலையில் வந்ததும் கலைக்கிறார் என்று அவருக்கு முன்னால் நான் போய்க் கடையைத் திறந்தேன். மெயினைத் தூக்கினேன். அவர் வருவதற்கு முன்பே கலைந்திருந்தது! சரி, கள்ளச் சாவி வைத்திருக்கிறார் என்று, மாலையில் மூடும்போது கண்ணாடி அறைக்குள் தரை முழுக்கக் கோலமாவு தூவிவிட்டுப் போனேன். காலையில் மாவில் காலடி இருந்தது. பூனையின் காலடி. கதவிடுக்கில் புகுந்து நேராக மெஷின்வரை போய், சற்று நேரம் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. பட்டாபி வீட்டில் பூனை வளர்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு பூனைக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எனக்குத் தெரியவில்லையே என்று அன்றைக்கு ஒரு பூனைமேலும் எரிந்தேன்.

இதற்கிடையில் பட்டாபிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். காலை முழுக்க ஏ.சி.யில் இருந்துவிட்டு மத்தியானம் வெளியே வருவார். வெயில் பட்டதும் கண்ணாடியில் பனி படியும். வாசலில் நின்று அதைத் துடைத்து உதறுவார். அவர் உதறி உதறியே வாசலில் காய்ந்து கிடந்த செம்பருத்தி துளிர்த்துப் பூ விட்டது. புரட்டாசியில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. அது எங்கள் வீடுவரை பரவியது, ஜலதோஷம் அல்ல, செய்தி.

"அந்தாளு ஸ்வெட்டரு போட்டுகினு வேலைக்குப் போறாராமே" என்றாள் புஷ்பம், மீன் அலம்பிக்கொண்டே. "அவரு வூட்டம்மா கடைத்தெருவுல சொல்லிகினு கீது. 'எங்க வீட்டுக்காரருக்கு ஏ.சி. ஒத்துக்கல'ன்னு. உனுக்கு ஒரு தும்மலுக்காவது வக்கு கீதா?"

"மத்தியானம் நானும் ஏ.சி.லதான் குந்தறேன்."

"அப்ப தும்மு, பாக்கலாம்."

தும்மல் வரவில்லை. மூக்கில் மிளகுத்தூள் போட்டுத் தும்மிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், சமையலில் காரம் ஜாஸ்தியா என்று கேட்டார்களே தவிர, யாரும் ஏ.சி. என்று சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். முகூர்த்தம் இல்லாத புரட்டாசி, குடோனில் வேலையில்லை. அடுக்கிய நாற்காலிகளின் இடுக்கில் ஒரு நாற்காலியைப் போட்டு, கண்ணாடித் தடுப்பு வழியாகப் பட்டாபியின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் முறை மாறுகிற நேரம். அவர் மெஷினை அணைக்கப் போனார். அணைப்பதற்குமுன் ஒரு காரியம் செய்தார். அம்பை மேலே கொண்டுபோய் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் ஒரு தட்டு. கீழே ஒரு பட்டியல் தொங்கியது. அதில் 'சேவ் செட்டிங்ஸ் ஆன் எக்ஸிட்', அதாவது வெளியே போகும்போது வைத்ததை வைத்தபடி காப்பாற்று என்கிற வரிக்குப் பக்கத்தில் சரி என்று டிக் போட்டிருந்தது. அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். பிறகு ஃபைல், எக்ஸிட். திரை கறுத்தது. அதற்கப்புறம்தான் சுவிட்ச்சை அணைத்தார்.

எனக்கு ஏ.சி. இல்லாமலே உடம்பு சில்லிட்டது. இதுதான் அந்த டீ! வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க வேண்டுமென்றால், முறைப்படி விடைபெற்றுக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். நான் தினமும் மெயினை இறக்கினேன், மெஷின் விருந்துக்கு நடுவில் விளக்கணைந்த வீடுபோல எல்லாவற்றையும் மறந்தது. பட்டாபி மத்தியானம் விடைபெற்றபோது வைத்திருந்த கோலம்தான் மறுநாள் காலையில் வந்து நிற்கிறது. பூனை நிரபராதி.

இப்போது எனக்கும் ரகசியம் தெரியும். என் பெட்டியை விரித்துவைத்து, முறைப்படி வெளியே வந்தால் போதும். நியாயமாகவே ஜெயித்திருப்பேன். அந்த எண்ணத்தோடுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன். இதுவும் சத்தியம்.

மெஷினைப் போட்டதும் பட்டாபியின் பெட்டி விரிந்தது. அதில் நாற்காலிப் படம் இருந்தது.

தட்டச்சு மெஷினைச் சாய்த்துப் பார்த்த நாற்காலி அல்ல. நிஜமான நாற்காலி. மடக்கு நாற்காலி. நான்கு கால், சாய்வு, முதுகுப் பலகையில் ஒரு சிவப்புக் கோடுகூட இருந்தது, 'கங்கையம்மாள்' என்று எழுதின மாதிரி. பக்கத்தில் அண்டா. மூடி போட்ட அண்டா, மூடியின் மேல் பிடி. பந்தல், வாழைமரம் கட்டின பந்தல். முகூர்த்தத்துக்குத் தாலி. மேலே ஒரு கடிகாரம் வேறு. குரோம்பேட்டைக்குப் போய் ஸ்ரீநிவாசராகவனைப் பிடித்து, பிளாப்பியில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்!

என் பெட்டியைப் பார்த்தேன். குப்பைத்தொட்டி. கவர். பூட்டு. அதுவரை அண்டாவாகவும் பந்தலாகவும் தெரிந்தவை அந்தக் கணத்தில் குப்பைத்தொட்டியாகவும் கவராகவும் மாறிவிட்டன. சொந்தப் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்க்கக்கூடாது என்பார்களே, அதேதான். கேசவன் இந்த நாற்காலியைப் பார்த்தால் அடுத்த நிமிஷமே அந்த நாற்காலி பட்டாபிக்கு. எனக்கு ஆயுள் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ்.

அழித்திருக்கலாம். டெலீட் என்ற பொத்தான் அங்கேயேதான் இருந்தது. ஆனால் நான் யாருடைய பொருளையும் அழித்தவன் இல்லை. குடோன்காரனுக்குப் பொருளை அழிக்கத் தெரியாது, இடம் மாற்றத்தான் தெரியும். எங்கள் குடோனில் கால் உடைந்த நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பின்கட்டு உண்டு. அது மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று திரையில் தேடினேன். இருந்தது. 'ஸ்டார்ட் அப்' என்று ஒரு பெட்டி. ஒரு படம்கூட இல்லாமல் சுத்தமாகக் காலி. மெஷின் வந்த நாளிலிருந்து யாரும் அதைத் திறந்ததில்லை. இதைவிட நல்ல பின்கட்டு எங்கே கிடைக்கும்?

பட்டாபியின் நாற்காலியைப் பிடித்தேன். பிடியை விடாமல், சாம்பார் அண்டாவைக் கொண்டுபோகிற ஜாக்கிரதையோடு, கொண்டுபோய்க் காலிப் பெட்டிக்குள் இறக்கினேன். பிறகு அண்டா. பந்தல். தாலி. கடைசியில் கடிகாரம். பெட்டியைச் சுருக்கி அடியில் தள்ளினேன். பட்டாபியின் பெட்டியை வெறுமையாகவே விட்டுவிட்டு, என் குப்பைத்தொட்டியையும் கவரையும் நடுவில் விரித்து வைத்தேன். பிறகு ஆப்ஷன்ஸ், டிக் இருக்கிறதா, இருக்கிறது. ஃபைல், எக்ஸிட். திரை கறுத்தது. முதல் முறையாக மெஷினிடம் முறைப்படி விடைபெற்றேன். மெயினை இறக்கியபோது எனக்கு ஒரு தும்மல்கூட வந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. சுழல் நாற்காலிக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். போகிற போக்கில் அதை லேசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். எண்ணெய் போட்டதுபோல் சுற்றியது.

விஜயதசமி காலை. கேசவன் பட்டு வேட்டியில் வந்தார். குடும்பத்தோடு வந்தார், மச்சானும் கூட. தேங்காய் உடைத்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, மெஷினுக்கு முன்னால் காட்டிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மெயினைத் தூக்கினேன்.

மெஷின் உறுமியது. திரை வெளுத்தது. பந்தல் விரிந்தது. நடுவில் என் பெட்டி, பந்தி வரிசையில் என் படங்கள். பக்கத்தில் பட்டாபியின் பெட்டி, எச்சில் இலை எடுத்த பந்திபோல் வெறும் தரை. பட்டாபியின் முகத்தைப் பார்த்தேன். விபூதி வைத்த இடம் எது, வைக்காத இடம் எது என்று தெரியாமல் முழுக்க வெளுத்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"மொதலாளி," என்று தொண்டையைச் செருமினேன், "இதோ பாருங்க, உங்க அண்டா..."

அப்போது திரையில் ஒரு மணல் கடிகாரம் தோன்றியது. மெஷின் மறுபடி உறுமியது. யாரும் மவுஸைத் தொடவில்லை. கேசவன் கையில் கற்பூரத் தட்டு, பட்டாபி கை மார்மேல், என் கை மெயினுக்குப் பக்கத்தில். நாற்காலிக் கணக்கு படாரென்று தானாகத் திறந்தது. அதன்மேல் பாத்திரக் கணக்கு. அதன்மேல் பந்தல். அதன்மேல் முகூர்த்தக் காலண்டர். கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே கடிகாரம் வந்து உட்கார்ந்து டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அது காட்டியது.

கற்பூரம் மட்டும் எரிந்தது.

கேசவன் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "கையே வெக்கல!" என்றார். "மச்சான், பாத்தியா, யாரும் கையே வெக்கல! எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு படம் போடச் சொன்னேன். படத்த அமுக்கற வேலகூட இல்லாமப் பண்ணிட்டாருய்யா! இது யாரு கணக்கு?"

கடிகாரத்துக்குப் பின்னால் தெரிந்த பெயரைப் பட்டாபி எட்டிப் பார்த்தார். அவர் கண்ணாடிக்குள் கண் இரண்டு தடவை சிமிட்டியது. ஒன்றும் புரியவில்லை என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் கணக்குப் பிள்ளை அல்லவா? வரவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகாது.

"என்னோடது சார்," என்றார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

காலிப் பெட்டி பின்கட்டு அல்ல. மெஷினைப் போட்டதும் அதற்குள் இருப்பதெல்லாம் தானாக எழுந்து வரும். அதற்காகவே வைத்த பெட்டி அது. இதை அந்த நிமிஷத்தில்தான் கற்றுக்கொண்டேன். அந்த மெஷினைப்பற்றி அந்தக் கடையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரே விஷயம் அது. அதை வெளியே சொன்னால் நாற்காலி எனக்கு வரும். படங்கள் எப்படி அங்கே போயின என்பதும் கூடவே வரும்.

"மொதலாளி!" என்று கத்திவிட்டேன். "அத்த நான்..."

எல்லோரும் திரும்பினார்கள். பட்டாபி என்னை நிதானமாகப் பார்த்தார். "சவுரி சார் ஏதோ சொல்ல வரார்" என்றார்.

"அத்த நான் எதிர்பாத்தேன்னு சொல்ல வந்தேன்" என்றேன். "பட்டாபி சார் கெட்டிக்காரரு."

கேசவன் மெத்தையைத் தன் கையாலேயே தட்டிக் கொடுத்து, பட்டாபியைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். உட்கார்ந்தவர் பாதி சுற்றுச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார். அந்த நாற்காலி சுற்றும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அது திமிர், தெரியாமல் சுற்றினார் என்றால் அது விதி. இரண்டில் எதை நினைத்தாலும் பல் வலிக்கிறது.

அதற்கப்புறம் பட்டாபி பெரிய மனிதராகிவிட்டார். அஸ்தினாபுரத்திலிருந்து அரிசி மண்டிக்காரர்கள், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கம்பெனி ஆட்கள் எல்லாம் வந்து, 'தானாகத் திறக்கிற கம்ப்யூட்டர்' பார்த்துவிட்டுப் போனார்கள். கேசவன் காலையில் அவர்கள் முன்னால் கற்பூரம் காட்டி மெயினைத் தூக்குவார். என் கையில் இருந்த மெயினையும் அவரே எடுத்துக்கொண்டார். எங்கள் மெஷினுக்கும் இப்படிச் செய்து கொடுங்கள் என்று யாராவது கேட்டால், "உங்களுது வேற மெஷின், சார்" என்பார் பட்டாபி. அவருக்குத் தெரிந்தால்தானே செய்வார்? ஸ்ரீநிவாசராகவனிடம் போய்க் கேட்கவும் வெட்கம். கேட்டால் தான் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும். எதைத் தொட்டால் எது கலைந்துவிடுமோ என்று பயந்து அந்தப் பெட்டிகளில் அவர் அதற்குமேல் ஒரு படம்கூட நகர்த்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் அந்த நாற்காலியிலேயே சாப்பிட்டார்.

ஒருநாள் கடைத்தெரு டீக்கடையில் ஓரமாக என்னைக் கூப்பிட்டார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். வெளியே அக்னி நட்சத்திரம்.

"சவுரி சார், நீங்க தப்பா எடுத்துக்கலேன்னா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்தப் படமெல்லாம்... அது எப்படின்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நான் கிளாஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"டீ நல்லாருக்கு சார்" என்றேன்.

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. ஒரு சுழல் நாற்காலிக்கு அது ஈடு. ஆகையால் கேம்ப் ரோட்டில் யாராவது இனி பட்டாபிராமன் பெயரை எடுத்தால் இதைச் சொல்லுங்கள்: கையே வைக்காமல் அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க வைத்த கை இந்தச் சவுரிமுத்துவின் கை.

கங்கையம்மாள் சப்ளையர்ஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி மாதம். நான் அந்தக் கடையை விட்டு நின்றது தொண்ணூற்றிரண்டாம் வருஷம் தை மாதம். நடுவில் தொலைந்த இரண்டரை வருஷத்தைத் தேடிக் கொடுக்க வேண்டியது அந்தோணியாரின் பொறுப்பு.